தேத்தண்ணிக் கடையில் குடியிருந்த ஓணான்

ஓணான் ஒன்றின் முகவரியைச் சரிபார்க்க இலங்கைக்குப் போகிறேன் என்றதும், "லீவு கேட்கவாவது நம்பும்படி ஒரு பொய் சொல்லும்மா" என்றார் எங்கள் மேலாளர். அவரைக் குறை சொல்ல முடியாது. மதுரையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணைப் பிரிவில் இருக்கிறேன். எரிந்த கடை தானாக எரிந்ததா, காணாமல் போன வண்டி மச்சினன் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பதுதான் பிழைப்பு. பொய் கேட்டுப் பழகிய இடத்தில் உண்மையைச் சொன்னால் இப்படித்தான்.

உண்மை இதுதான். சும்மா இருக்கும் மாலைகளில் ஓர் இணையதளத்தில் ஓணான் படங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பேன். யார் வேண்டுமானாலும் தான் பார்த்த பூச்சி, பறவை, பாம்பு எதையும் படம் எடுத்து, எங்கே எப்போது பார்த்தது என்று குறித்து அதில் ஏற்றலாம். என்னைப் போன்ற பைத்தியங்கள் அது இன்னது என்று சொல்வோம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்ப்பார். ஒவ்வொரு படமும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். புள்ளிகள் சேர்ந்ததும் ஆராய்ச்சியாளர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு விஞ்ஞானி ஆயுள் முழுக்க நடந்தாலும் எட்டாத இடங்களையெல்லாம், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் கல்யாணத்துக்குப் போனவர்களும் பார்த்துவிடுகிறார்கள்.

அப்படி ஒரு கட்டுரைக்குப் படங்களைச் சலித்துக் கொடுக்கும் குழுவில் நானும் ஒருத்தி. கட்டுரையின் நாயகன், மூக்கு நுனியில் சின்ன இலையை ஒட்டிவைத்தது போன்ற ஓர் ஓணான். மாத்தளை, கண்டிப் பக்கத்து நக்கிள்ஸ் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மூடுபனியும் ஈரமும் இல்லாமல் வாழாது. மதிப்பாய்வுக்குப் போன கட்டுரை திரும்பி வந்தபோது, மதிப்பாய்வாளர் ஒரே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் புள்ளி மலையில் இல்லை. இரத்தோட்டை டவுனில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தேத்தண்ணிக் கடையின், அதாவது டீக்கடையின், மேல் இருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தப் படத்தை ஏற்றியவரின் எல்லாப் படங்களும் அதே கடை மேலேயே இருந்தன. விரியன் பாம்பு, இருவாய்ச்சி, ஓடை நண்டு, மரத்தவளை, எல்லாம் ஒரே தேத்தண்ணிக் கடையில். இவருடைய பதிவுகள் அனைத்தையும் நீக்குங்கள் என்று எழுதியிருந்தார் மதிப்பாய்வாளர். நியாயம்தான். என் வேலையில் நானும் அதையே எழுதியிருப்பேன்.

ஆனால் அந்த ஓணான் படத்தை என்னால் விட முடியவில்லை. ஒரு பெண் ஓணான், சருகை விலக்கிக் குழி பறித்து, முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. சருகு சாதிக்காய் மரத்துச் சருகு. மலை உச்சிக் காட்டில் அல்ல, அதற்கும் கீழே ஆட்கள் பயிர் செய்யும் ஒரு தோட்டத்தில், வழி தவறி வந்த ஓணானாக இல்லாமல் குடித்தனமே நடத்துகிறது என்றால் அது பெரிய செய்தி. காடு மட்டும் பிழைத்தால் போதாது, அந்தத் தோட்டமும் பிழைக்க வேண்டும் என்று அர்த்தம். இடம் எது என்று எத்தனையோ முறை கேட்டு எழுதினோம். "இடம் சரிதான்" என்று தமிழில் ஒற்றை வரிப் பதில் வந்தது. குழுவில் தமிழ் தெரிந்தவள் நான். பெட்டியைக் கட்டினேன்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். எங்கள் ஊர் டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். இவர்கள் ஹாரனிலேயே பேசுகிறார்கள். எதிரே வரும் பஸ்ஸிடம் குசலம் விசாரிப்பது ஒரு ராகம், முன்னால் போகும் த்ரீவீலை, அதாவது ஆட்டோவை, திட்டுவது வேறு ராகம். இருக்கையில் இருந்த ஒரு அம்மா, கேட்காமலே என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது அதில் ஒரு கொய்யாப்பழமும் இருந்தது.

படத்தை ஏற்றிய அந்த மனிதரின் பெயர் ஹனிபா. மாத்தளையில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். மலையடிவாரத் தோட்டங்களில் ஏலம், கராம்பு, மிளகு வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் வியாபாரி. நாம் கிராம்பு என்பதை அங்கே கராம்பு என்கிறார்கள். வீட்டு முற்றம் முழுக்கச் சாக்கு விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். தெருமுனையிலேயே வாசனை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனது. நான் எதிர்பார்த்தது திருட்டு முழி முழிக்கும் ஒரு ஆள். வந்தவரோ வெள்ளைத் தொப்பியும் தொப்பையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்க தங்கச்சி, வாங்க. லொட்ஜா? எங்கட ஊட்டுல இடமில்லயா? மொதல்ல சாப்பிடுங்க, பொறகு ஓணான் கத பேசுவோம்."

அவர் மனைவி ரிஸானா. பக்கத்து வீட்டுப் பெண்கள் "ரிஸானா தாத்தா" என்று கூப்பிட, நான் யாரோ கிழவர் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. ரிஸானா சிரித்த சிரிப்பில் இடியப்பத் தட்டு ஆடியது. இடியப்பம், கோழிக்கறி, தேங்காய்ச் சம்பல், கடைசியில் வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டியும் ஏலமும் முட்டையும் சேர்ந்து வெந்த அந்தப் பண்டத்துக்காகவே நான் இன்னொரு ஓணானைத் தேடி வரத் தயார். மூன்றாவது துண்டு முடிகிற வரை யாரையும் சந்தேகப்படவில்லை.

கை கழுவியதும், அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் சொல்லாலேயே அழைத்துக் கேட்டேன். "நானா, அந்த ஓணானை எங்கே பார்த்தீங்க?"

"போன் செய்ற வேல தங்கச்சி. மலையில சிக்னல் இல்ல. இரத்தோட்டைக்கு எறங்கி வந்து தேத்தண்ணி குடிக்கக்கொள்ளதான் ஏத்துறேன். அது அந்த எடத்தயே காட்டுது."

"சரி, எந்தத் தோட்டம்?"

"இன்னும் கொஞ்சம் வட்டிலப்பம் வைக்கட்டா?"

மறுநாள் காலை அந்தப் புள்ளியை நேரில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். ரிஸானாவும் வேனில் ஏறிக்கொண்டார். இரத்தோட்டையில் தோட்டத்து பஸ் அப்போதுதான் வந்து நின்றது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பையும் குடையுமாக இறங்கி, கடைகளை நோக்கி வேகமாக நடந்தார்கள். "கொழுந்து நெறுக்க பின்னேரம் வரணுமாம், அதுக்குள்ள சாமான் வாங்கிட்டு ஓடணும்" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, அந்தப் புள்ளியின் மேல் மிகச் சரியாகப் போய் நின்றேன். நின்ற இடம் கடையின் கண்ணாடி அலமாரி முன்னால். உள்ளே ரோல்ஸும், மீன் பணிஸ் என்கிற மீன் வைத்த பன்னும் இருந்தன. மேலே ஒரு பல்லி. அறிவியல் உலகம் இருவாய்ச்சி இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த இடத்தில் நான் பாலில்லாத ஒரு பிளேன்டீ குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டது, பிரமாதம்.

நானா தம் போனை என்னிடம் கொடுத்துப் படங்களைப் பார்க்கச் சொன்னார். அங்கேதான் மாட்டினார். சிக்னல் இல்லாத இடத்திலும் போன் இடத்தைக் குறித்துக்கொள்ளும். பேரப்பிள்ளையின் படம் எங்கே எடுத்தது, கல்யாண வீடு எங்கே நடந்தது என்றெல்லாம் அதில் சரியாக இருந்தது. ஓணான், பறவை, தவளைப் படங்களில் மட்டும் இடம் அழிக்கப்பட்டிருந்தது. போதாததற்குத் தோட்டமே தெரியாதபடி, ஓணானையும் அதன் காலடிச் சருகையும் மட்டும் வெட்டி எடுத்திருந்தார். போன் செய்த வேலை அல்ல. ஆள் செய்த வேலை.

கண்டுபிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல், சிரித்த முகத்தோடு போனைத் திருப்பிக் கொடுத்தேன். விசாரணைக்காரிக்கு முதல் பாடம் அது. "நாளைக்குத் தோட்டத்துக்கே கூட்டிப் போறேன்" என்றார் நானா, என் முகத்தைப் பார்க்காமல்.

கூட்டிப் போனார். மலைப்பக்கம் திரும்ப வேண்டிய வேன், எதிர்த் திசையில் சமவெளியைப் பார்த்து ஓடியது. வெயில் ஏறியது. தென்னையும் வயலும் வந்தன. தம்புள்ளைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. கடைசியில் வஹகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மிளகுத் தோட்டத்தின் முன் நிறுத்தி, "இதுதான்" என்றார். என் முதுகில் வியர்வை வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது.

"நானா, இந்த வெயிலில் இலைமூக்கு ஓணானா? அது கருவாடாகிவிடும்."

"சில நேரம் வரும்" என்றார், கொஞ்சம்கூடக் கூசாமல்.

நான் வாய் திறப்பதற்குள் ரிஸானா முந்திக்கொண்டார். "பின்னுக்குப் பாருங்க தங்கச்சி." ஒரு வெள்ளை த்ரீவீல் கொஞ்ச தூரத்தில் மரநிழலில் நின்றது. "என்ட தம்பி மஹ்ரூப். அவனும் இதே யாவாரம்தான். இவரு எங்க போறாருன்னு அவன் பார்ப்பான். அவன் எங்க போறான்னு இவரு பார்ப்பாரு. பெருநாளைக்கு ஒரே சகன்ல சாப்பிடுவாங்க, ஆனா யாவாரத்துக்கு எந்தப் பாதையில போனீங்கன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் காது கேக்காது." சகன் என்றால் பலர் சுற்றி அமர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு.

நானாவுக்குக் கோபம் வந்தது. விருட்டென்று வேனைத் திருப்பினார். திருப்பிய வேகத்தில் பின் டயர் கல்லில் மோதி வெடித்தது. ஜாக்கி வேனில் இல்லை, வீட்டில் இருந்தது. கடைசியில் த்ரீவீல் மெல்ல வந்து பக்கத்தில் நின்றது. இறங்கியவர் நானாவைவிட ஒல்லி, நானாவைவிட நல்ல சட்டை.

"என்ன மச்சான், இந்தப் பக்கம்?"

"இந்தியாவில இருந்து விருந்தாளி. கோயில் பார்க்கக் கூட்டி வந்த. நீ?"

"நானும் கோயில் பார்க்கத்தான்" என்றார் மஹ்ரூப்.

வஹகோட்டைக் கோயில் பழைய கத்தோலிக்கக் கோயில். மிளகு மணக்கும் இரண்டு முஸ்லிம் வியாபாரிகளும் அதைப் பார்க்கவே அவ்வளவு தூரம் வந்ததாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொன்னார்கள். பிறகு மஹ்ரூப் கொண்டுவந்திருந்த ஜாக்கியை வைத்து, இருவரும் சேர்ந்து, வேர்க்க விறுவிறுக்க டயரை மாற்றினார்கள். சொன்ன சொல் தவறாமல் எல்லோரும் கோயிலுக்கும் போனோம். அமைதியான, அழகான கோயில். மஹ்ரூப் வாங்கித் தந்த தம்பிலி என்கிற செவ்விளநீர் நெஞ்சை நனைத்தது.

வீடு திரும்பும் வழியில்தான் நான் பொங்கினேன். "நானா, நான் வேலையை விட்டு, கடலைத் தாண்டி வந்திருக்கேன். இடத்தைச் சொல்லலைன்னா உங்க படம் அத்தனையும் கட்டுரையிலிருந்து போயிடும். ஒரு ஓணான் மட்டும் இல்லை, எல்லாமே. உங்களை ஏமாத்துக்காரன்னு எழுதாத குறையா எழுதியிருக்காங்க."

அவர் வேனை ஓரமாக நிறுத்தினார். முதல் முறையாகச் சிரிப்பு இல்லாமல் பேசினார்.

"நான் ஏமாத்தல்ல தங்கச்சி. எங்கட வாப்பா காலத்தில இருந்து இப்பிடித்தான். எந்தத் தோட்டத்துச் சரக்குன்னு வாய் திறக்கக் கூடாது. சாக்கக்கூட மாத்தித்தான் ஏத்துவோம். ஒரு நல்ல தோட்டத்திட பேரு வெளிய போனா, அடுத்த நாள் அங்க வரிசையா லொறி நிக்கும். அந்தத் தோட்டக்காரப் பொம்பள எனக்கு ஏலம் குடுக்கிறா, வேற யாருக்கும் குடுக்கிறல்ல. ஓணான் அவட தோட்டத்தில இரிக்கி. ஓணான் எடத்தச் சொன்னா தோட்டத்தச் சொன்ன மாதிரி. அந்த வெப்சைட்ட மஹ்ரூபும் பார்ப்பான்." பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா பேப்பர்ல என்ட பேரு வருதுன்னு பள்ளிவாசல்ல எல்லாருக்கும் சொல்லிப் போட்டேன்."

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அந்தப் பெரிய மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாங்கள் செய்வது அவருக்குத் தெரியவில்லை, அவர் செய்வது எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

போனைத் திறந்து காட்டினேன். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம் என்றால் அந்தத் தளமே சரியான இடத்தை மறைத்துவிடும். ஊர் உலகத்துக்குத் தெரிவது ஒரு பெரிய சதுரம் மட்டும். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த ஓணான்களைப் பிடித்து வெளிநாட்டில் விற்கும் திருடர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வழி காட்டக் கூடாதே என்றுதான். பதிவிட்டவரும், அவர் சம்மதித்துச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழுவும் மட்டும் உண்மைப் புள்ளியைப் பார்க்கலாம். மற்ற பறவை, தவளைக்கும் அவர் விரும்பினால் அப்படியே மறைத்துக்கொள்ளலாம். கட்டுரையில் அச்சாகும் வரைபடத்திலும் சதுரம்தான் வரும்.

நானா அந்தச் சதுரத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்போ நீங்களும் சாக்கு மாத்துறவங்கதான்."

"அதேதான் நானா. ஆனா உள்ளே என்ன இருக்குன்னு எங்க ஆளுங்களுக்காவது உண்மையைச் சொல்லியாகணும்."

"நாளைக்கு விடியச் சுபஹு தொழுதுட்டுப் போவோம்" என்றார் நானா. "மஹ்ரூப் எழும்ப முந்தி."

இடத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். இரத்தோட்டையைத் தாண்டி ஏற வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விடிகிற நேரம், பாதை வளைய வளைய, கீழே ஊர்கள் பனிக்குள் மூழ்கின. வேன் நிற்கும் இடத்திலிருந்து நடை. ரிஸானா என் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டார். சோப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அட்டை ஏறாதாம். என் காலில் ஏறிய அட்டைகளுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் நான் போட்ட கூச்சலில் அந்த மலையிலுள்ள ஓணான் எல்லாம் ஓடியிருக்கும் என்று நானா அலுத்துக்கொண்டார்.

தோட்டக்காரி சோமா அக்கா. சிங்களப் பெண், வாசலிலேயே பாற்சோறும் தேநீரும் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பேசியதை ரிஸானா மொழிபெயர்த்தார். "ஓணான் பார்க்க இந்தியாவிலிருந்து வந்தவளா? பாவம், அங்கே ஓணான் இல்லையா?"

பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடிகள். அவற்றுக்கு நடுவே சாதிக்காய் மரங்கள். பழுத்து வெடித்த காய்களுக்குள் சிவப்பு வலை போன்ற வசவாசி, நம்மூர் ஜாதிபத்திரி, மின்னியது. பனி இலைகளில் சொட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் குனிந்து, ஒவ்வொரு தண்டாகப் பார்த்து நடந்தோம். ஒன்றும் இல்லை. இன்னும் நடந்தோம். ஒன்றும் இல்லை. நானாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இப்போது ஓணான் கிடைக்காவிட்டால், முன்பு சொன்னதும் பொய் என்றுதானே ஆகும்.

"இஞ்ச" என்றார் ரிஸானா, மூச்சே வராத குரலில்.

இடுப்புயரத்தில் ஒரு தண்டில், பழுப்பும் பச்சையுமாக, உட்கார்ந்திருந்தது. எத்தனையோ படங்களில் பார்த்த அந்த மூக்கு இலை, நிஜத்தில் இன்னும் சின்னதாக, இன்னும் அபத்தமாக, இன்னும் அழகாக இருந்தது. ஒரு கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது. ஓடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்" என்று நானா முணுமுணுத்தார். படம் எடுத்தேன், இடத்தைக் குறித்தேன், மீண்டும் ஒருமுறை குறித்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். நாலு எட்டு தள்ளி, ஒரு சாதிக்காய் மரத்தின் அடியில், மஞ்சள் பெயின்ட் அடித்த பழைய லாரி டயர் ஒன்று கிடந்தது. மண் அரித்துப் போகாமல் இருக்க வைத்தது. அந்த மஞ்சள் டயரை நான் எங்கோ பார்த்திருக்கிறேன்.

சட்டென்று நினைவு வந்தது. எங்கள் குழு ஆரம்பத்திலேயே கழித்துக் கட்டிய ஒரு பதிவு. இதே ஓணான், மஞ்சள் டயர் ஒன்றின் மேல். குறித்திருந்த இடம், தம்புள்ளை மொத்தக் காய்கறிச் சந்தை. டயர் இருந்ததால் லாரி நிற்கும் இடம்தான் என்று நம்பினோம். யாரோ பிடித்துக்கொண்டு போய் விட்டது என்று ஒதுக்கினோம். ஏற்றியவர் பெயர் பச்சைக்கிளி. அந்தப் பச்சைக்கிளியின் மற்ற பதிவுகளும் எல்லாம் தம்புள்ளைச் சந்தையில்தான் இருந்தன. வாயை அடக்க முடியாமல் இதை உரக்கச் சொல்லிவிட்டேன்.

ரிஸானா மொழிபெயர்த்ததும் சோமா அக்கா கலகலவென்று சிரித்தார். "ஆமாம், அந்த மஹத்தயாவும் வரும்போதெல்லாம் அந்த டயர் பக்கத்தில்தான் உட்கார்ந்து படம் எடுப்பார்."

"எந்த மஹத்தயா? எந்த ஐயா?" என்றார் நானா.

சோமா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் சிரிப்பு விரலிடுக்கில் வழிந்தது. சாதிக்காய் வாங்க வருகிறவர் என்றார். இவருக்கு ஏலம், அவருக்குச் சாதிக்காய். இவர் வருவது அவருக்குத் தெரியாது, அவர் வருவது இவருக்குத் தெரியாது. இருவருமே யாரிடமும் சொல்லக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள், அதனால் சொல்லவில்லை என்றார்.

நானா யாருக்கும் காத்திராமல் விறுவிறுவென்று வேனுக்கு நடந்தார். கீழே இறங்கிச் சிக்னல் கிடைத்ததும் ரிஸானா போனை எடுத்தார். சலாம்கூடச் சொல்லவில்லை.

"டேய் மஹ்ரூப், பச்சைக்கிளி நீயா?"

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்தது. பிறகு, "தாத்தா, யாரு சொன்ன?" என்று ஒரு மெல்லிய குரல்.

அந்தத் தேத்தண்ணிக் கடையில்தான் எல்லோரும் கூடினோம். என் வேலையில் நான் பார்த்த எந்தச் சண்டையும் இவ்வளவு இன்பமாக இருந்ததில்லை.

"எத்தன வருசமாடா என்ட தோட்டத்துக்குப் போற?" என்று பாய்ந்தார் நானா.

"ஒங்கட தோட்டமா? எனக்குத் தெரிஞ்சி அது சோமா அக்காட தோட்டம்."

"என்ட வேனுக்குப் பின்னால வந்துதானே கண்டுபிடிச்ச?"

"அல்லாஹ்வுக்குப் பொதுவா இல்ல மச்சான். ஒங்களத் தொலைச்சுட்டு வழி மாறிப் போயித்தான் அந்தத் தோட்டத்தக் கண்ட. ஒங்கட பின்னால போன ஒரு நாளும் எனக்கு ஒண்டும் கிடைக்கல்ல."

ரிஸானா மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் உத்தியோகக் குரலில் பேசினேன். ஒருவர் மட்டும் பார்த்தேன் என்றால் சந்தேகப்படலாம். ஒருவரை ஒருவர் அறியாமல், வெவ்வேறு காலத்தில், இருவர் ஒரே இடத்தில் ஒரே ஓணானைப் பார்த்துப் படம் எடுத்திருந்தால், இப்போது மூன்றாவதாக நானும் போய்ப் பார்த்திருந்தால், அதைத் தள்ள எந்த மதிப்பாய்வாளராலும் முடியாது. நஷ்டஈட்டு வழக்காக இருந்தால் நானே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

நானா தேத்தண்ணியைச் சுழற்றிக்கொண்டே யோசித்தார். "அப்போ எனக்குச் சாட்சி இவன்தானா?"

"இவருக்கு நீங்க, உங்களுக்கு இவர்."

இருவரும் போனை நீட்டினார்கள். அங்கேயே, ரோல்ஸ் அலமாரிக்குப் பக்கத்தில், ஒவ்வொரு படமாக உண்மையான இடத்துக்கு மாற்றினோம். இரத்தோட்டைக் கடையிலிருந்து இருவாய்ச்சி பறந்து போனது, விரியன் ஊர்ந்து போனது. தம்புள்ளைச் சந்தையிலிருந்த தவளைகளெல்லாம் மலை ஏறின. தம் மற்ற ரகசியத் தோட்டங்கள் திரையில் வரும்போது மட்டும் இருவரும் கையால் மறைத்துக்கொண்டு, என்னை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். மச்சான்மார் ஒருவர் போனை ஒருவர் எட்டிப் பார்க்காமல் இருக்க நடுவில் ரிஸானா உட்கார்ந்தார்.

புறப்படும்போது பெட்டியில் கராம்பும் சாதிக்காயும் தொதல் என்கிற இனிப்பும் திணித்தார்கள். மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்ன வேலையாகப் போனீர்கள் என்று கேட்டார். ஓணான் பார்க்க என்றேன். அவரும் நம்பவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. மதிப்பாய்வாளர் இரண்டு பதிவுகளையும் ஏற்றுக்கொண்டார். முட்டையிடும் ஓணானின் படம் முழுப் பக்கத்தில் வந்தது. நன்றிப் பகுதியில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து இருந்தன. நானாவுக்கு அனுப்பிவைத்தேன். உடனே போன் வந்தது.

"தங்கச்சி, இந்தப் படத்தில எங்கட எடம் எது?"

"அந்தப் பெரிய சதுரத்துக்குள்ள எங்கேயோ நானா."

"நல்லம், நல்லம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பள்ளிவாசல்ல ஓதிக் காட்டினாங்க. மஹ்ரூபுட பேரையும் சேர்த்துத்தான்" என்றார்.  

மறுநாள் தளத்தைத் திறந்தால் நானாவிடமிருந்து ஒரு புதிய பதிவு. சாதாரண வேலி ஓணான். இடத்தைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. இரத்தோட்டை, அதே தேத்தண்ணிக் கடை. திருந்தவே மாட்டாரா இந்த மனிதர்? திட்டுவதற்காகப் போனைக் கையில் எடுத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இந்த முறை அவர் எதையும் வெட்டவில்லை. ஓணான் கண்ணாடி அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே ரோல்ஸ். கீழே மேசையில் இரண்டு பிளேன்டீ. ஒன்றைப் பிடித்திருந்த கை, நல்ல சட்டை போட்ட ஒல்லிக் கை.

இடம் சரிதான் என்று குறித்துவிட்டு, போனைக் கீழே வைத்தேன்.